அஞ்சறைப் பெட்டியில் கான்ஃபிக்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே திசையைப் பார்த்திருந்தன. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் மென்பொருளின் செட்டிங்குகளை எங்கே, எப்படி வைப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: லினக்ஸில் கான்ஃபிக் எல்லாம் ‘/எட்சி’யில் இருக்கிறது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

பதில்: எட்செட்டரா. நம் வழக்கில் சொன்னால் ‘இத்யாதி’. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த நாட்களில் வேறெங்கும் சேராதவற்றைப் போட்டுவைத்த இடம் அது. மெஷின் எழுந்ததும் முதலில் ஓடும் ‘இனிட்’ புரோகிராமே அன்று அங்கேதான் குடியிருந்தது. இன்று அதற்கு இடமில்லை. ஓடும் பைனரிகளை ‘/எட்சி’யில் வைக்கக் கூடாது என்கிறது லினக்ஸ் டைரக்டரிகளுக்கான எஃப்ஹெச்எஸ் தரம். சிஸ்டத்தின் ஜாதகம் முழுவதும் இப்போது அந்த இத்யாதிக்குள் இருக்கிறது.

கேள்வி: நான் எழுதும் சர்வர் புரோகிராமுக்கு முப்பது செட்டிங் தேவை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதட்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைலா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். நான் பல வருடமாக இந்தக் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயில் என்ற மெயில் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.03 பதிப்பு 1998-இல் வந்தது. ‘/வார்/கியூமெயில்/கண்ட்ரோல்’ என்று ஒரு டைரக்டரி. உள்ளே ‘மீ’ என்று ஒரு ஃபைல். அதில் ஒரே வரி, சர்வரின் பெயர். பக்கத்தில் ‘கன்கரன்சிரிமோட்’ என்று இன்னொரு ஃபைல். உள்ளே ஓர் எண், ஒரே சமயத்தில் வெளியே எத்தனை மெயில் அனுப்பலாம் என்பது. அந்த ஃபைலே இல்லையென்றால் 20 என்று எடுத்துக்கொள்ளும். ‘கியூலைஃப்டைம்’ என்பது போய்ச் சேராத மெயிலை எத்தனை விநாடி வைத்திருந்து முயல்வது என்ற கணக்கு. அதுவும் இல்லையென்றால் 604800, அதாவது ஏழு நாள். ஃபைலின் பெயர்தான் செட்டிங்கின் பெயர். உள்ளே இருப்பதுதான் மதிப்பு. மேற்கோள் குறி, சமன்பாட்டுக் குறி, அடைப்புக்குறி எதுவும் கிடையாது.

அதே காலத்தில் உலகின் பெரும்பாலான மெயிலைச் சுமந்த செண்ட்மெயிலின் கான்ஃபிக் ஃபைலைக் கையால் எழுதுவோர் அபூர்வம். எம்4 என்ற மேக்ரோ மொழியில் ஒன்றை எழுதி, அதிலிருந்து அந்த ஃபைலைத் தயாரிப்பார்கள். ஒரு செட்டிங் மாற்ற ஒரு மொழி கற்க வேண்டும்!

நம் அடுக்களையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு தீர்ந்தால் கடுகுக் கிண்ணத்தை மட்டும் நிரப்புகிறோம். சீரகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு, வேண்டும்போது கடுகைப் பொறுக்குகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. கான்ஃபிக் ஃபைலைப் படிக்க நாம் எழுதும் பார்ஸர் செய்வது அந்தப் பொறுக்கும் வேலைதான். பொறுக்கும் இடத்தில்தான் கல்லும் கலக்கும். பெர்ன்ஸ்டைன் கியூமெயிலின் பாதுகாப்புக்குத் தான் கடைப்பிடித்த விதிகளைப் பட்டியலிட்டபோது, பார்ஸ் செய்வதைத் தவிர்ப்பதையும் அதில் ஒரு விதியாக வைத்தார்.

இன்னொன்று. ஃபைல் சிஸ்டம் என்பது ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் உண்டு, உரிமையாளர் உண்டு, யார் படிக்கலாம் யார் எழுதலாம் என்ற அனுமதி உண்டு, கடைசியாக எப்போது மாறியது என்ற நேரமும் உண்டு. உங்கள் முப்பது செட்டிங்குக்கும் இந்த நான்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஃபைலில் அடைத்தால் முப்பதுக்கும் சேர்த்து ஒரே ஒரு உரிமையாளர், ஒரே ஒரு நேரம்.

கேள்வி: ஒரே ஃபைல் என்றால் திறந்ததும் எல்லாம் கண்ணில் படும். முப்பது ஃபைலை முப்பது தடவை திறப்பதா?

பதில்: வேண்டாம். அந்த டைரக்டரிக்குள் போய் ‘கிரெப் . *’ என்று அடியுங்கள். வெறும் புள்ளி என்றால் ‘ஏதாவது ஓர் எழுத்து உள்ள எந்த வரியும்’ என்று பொருள். திரையில் இப்படி வரும்:

கன்கரன்சிரிமோட்:40
மீ:மெயில்.எக்ஸாம்பிள்.காம்
கியூலைஃப்டைம்:259200

பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. நீங்கள் கேட்ட ஒரே ஃபைல் இதோ, கேட்ட நொடியில் தயார். இரண்டு சர்வரின் செட்டிங்கை ஒப்பிட ‘டிஃப் -ஆர்’ போதும். மதிப்பை மாற்ற ‘எக்கோ 40’ என்று எழுதி அம்புக்குறியால் ஃபைலுக்குத் திருப்பினால் முடிந்தது. நானூறு வரி ஃபைலில் ‘செட்’ கட்டளையை வைத்து ஒரு வரியைத் தேடி மாற்றும் ஸ்கிரிப்ட், அதே சொல் கமெண்ட்டில் இன்னொரு முறை வந்தால் அங்கேயும் கத்தி வைத்துவிடும்.

கேள்வி: ஒன்றுமே எழுதாத காலி ஃபைலுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்: சில இடங்களில் அதற்குத்தான் மதிப்பே. ‘/எட்சி/நோலாகின்’ என்று ஒரு காலி ஃபைலை ‘டச்’ கட்டளையால் உருவாக்குங்கள். ரூட் தவிர வேறு யாராலும் உள்ளே வர முடியாது. ஃபைலை அழித்தால் கதவு திறந்துகொள்ளும். உங்கள் ஹோம் டைரக்டரியில் ‘.ஹஷ்லாகின்’ என்று ஒன்று இருந்தால் லாகின் ஆகும்போது வரும் வரவேற்புச் செய்திகள் நின்றுவிடும். ஃபைல் இருக்கிறதா இல்லையா என்பதே ‘ஆம்’, ‘இல்லை’. ஓர் ஆன்-ஆஃப் ஸ்விட்சுக்கு இதைவிடச் சிக்கனமான வடிவம் எனக்குத் தெரியாது.

பெர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸில் ‘என்வ்டிர்’ என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. ஒரு டைரக்டரியைக் காட்டினால், அதிலுள்ள ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் என்விரான்மென்ட் வேரியபிளின் பெயராகவும், முதல் வரியை அதன் மதிப்பாகவும் வைத்து உங்கள் புரோகிராமைத் தொடங்கும். அங்கே ஜீரோ பைட் ஃபைல் என்றால் ‘அந்த வேரியபிளையே நீக்கிவிடு’ என்று பொருள். ஃபைல் இல்லாததும் ஃபைல் காலியாக இருப்பதும் அங்கே வெவ்வேறு. கவனமாக இருங்கள்.

கேள்வி: ஒரு மதிப்பு மட்டும் வைத்தால், அதை ஏன் வைத்தோம் என்ற குறிப்பை எங்கே எழுதுவது? ஆறு மாதம் கழித்து எனக்கே மறந்துவிடுகிறது.

பதில்: நல்ல கேள்வி. இந்த முறையின் உண்மையான குறை இதுதான். என்வ்டிர் முதல் வரியை மட்டுமே படிக்கிறது. ஆகவே இரண்டாம் வரியிலிருந்து உங்கள் குறிப்பைத் தாராளமாக எழுதலாம். உங்கள் புரோகிராமிலும் அப்படியே செய்யுங்கள். அதைவிட உறுதியான வழி, டைரக்டரியை கிட்டில் வைப்பது. ஒரு செட்டிங் ஒரு ஃபைல் என்றால், அந்த ஃபைலின் பெயரோடு ‘கிட் லாக்’ கொடுத்ததும் அந்த ஒரே செட்டிங்கின் சரித்திரம் மட்டும் தேதி வாரியாக வந்து நிற்கும். ‘/எட்சி’ முழுவதையும் வைக்க எட்ச்கீப்பர் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். கிட் தனியாக ஃபைலின் ஓடும் அனுமதியை மட்டுமே நினைவில் வைக்கும். யார் உரிமையாளர், யார் படிக்கலாம் என்பதை விட்டுவிடும். எட்ச்கீப்பர் அதையும் சேர்த்துக் குறித்து வைக்கிறது.

கேள்வி: புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை ஏன் மறைத்து வைத்தார்கள்?

பதில்: மறைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ராப் பைக் 2012-இல் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு டைரக்டரியிலும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளியும், மேலே உள்ளதைக் குறிக்க இரண்டு புள்ளியும் இருக்கும். ‘எல்எஸ்’ பட்டியலில் அவை வராமல் இருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். முழுப் பெயரையும் பார்த்திருந்தால் அந்த வரி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்தச் சுருக்குவழியில் நுழைந்த புரோகிராம்கள் எல்லாம் ஹோம் டைரக்டரியில் புள்ளி வைத்த ஃபைலாக அடைந்துவிட்டன. பிறகு எக்ஸ்டிஜி என்ற வரையறை வந்து, ‘.கான்ஃபிக்’ என்ற ஒரே டைரக்டரிக்குள் போய் உட்காருங்கள் என்றது. புதிதாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதைக் கேளுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அதே கான்ஃபிக்கில்தான் வைத்திருக்கிறோம். சரியா?

பதில்: தப்பு. இன்றே பிரித்துவிடுங்கள். எழுத்துரு அளவையும் பாஸ்வேர்டையும் ஒரே ஃபைலில் வைத்தால், எழுத்துருவைப் பார்க்க அனுமதி பெற்றவர் பாஸ்வேர்டையும் பார்ப்பார். யூனிக்ஸே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. முதலில் ‘/எட்சி/பாஸ்வேட்’ ஃபைலில் பயனரின் பெயர், ஹோம் டைரக்டரி, மறையாக்கம் செய்த பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. பயனர் எண்ணுக்குப் பெயர் கண்டுபிடிக்க எல்லா புரோகிராமும் அதைப் படித்தாக வேண்டும். ஆகவே எல்லோருக்கும் திறந்தே இருந்தது. அந்த மறையாக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து உடைக்கலாம். கடைசியில் அதை மட்டும் ‘/எட்சி/ஷேடோ’ என்ற தனி ஃபைலுக்கு மாற்றி, சாதாரணப் பயனர் படிக்க முடியாமல் பூட்டினார்கள்.

பாஸ்வேர்டுக்கு ஒரு தனி ஃபைல். அனுமதி 600. உரிமையாளர், அந்த சர்வீஸ் ஓடும் பயனர். என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அது அந்த புரோகிராம் தொடங்கும் ஒவ்வொரு குட்டி புரோகிராமுக்கும் சொத்தாகப் போய்ச் சேரும். ‘/பிராக்’ வழியாக அதே பயனரால் படிக்கவும் முடியும். டாக்கர் ஸ்வார்ம் ரகசியங்களை ‘/ரன்/சீக்ரெட்ஸ்’ டைரக்டரியில் ரகசியத்துக்கு ஒரு ஃபைலாக வைப்பது சும்மா இல்லை.

கேள்வி: ‘கிரான்.டி’, ‘சூடோயர்ஸ்.டி’ என்று ‘.டி’ முடிவோடு வரும் டைரக்டரிகள் எதற்கு?

பதில்: பலர் கைவைக்கும் இடத்தில் கை மோதாமல் இருக்க. முன்பு ஒரு பேக்கேஜ் நிறுவினால், அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் பொது கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, நடுவில் நாலு வரி செருகும். நீக்கும்போது அந்த நாலு வரியை அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். நீங்கள் நடுவில் ஒரு எழுத்தை மாற்றியிருந்தால் போச்சு. ‘.டி’ டைரக்டரியில் ஒவ்வொரு பேக்கேஜும் தன் ஃபைலைத் தானே வைக்கும், போகும்போது தானே எடுத்துச் செல்லும்.

ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. நான் நேரில் பட்டது. ஓர் அலுவலகத்தில் பழைய சென்ட்ஓஎஸ் சர்வரிலிருந்து உபுண்டுவுக்கு மாறினோம். தினமும் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், பெயர் ‘பேக்கப்.எஸ்எச்’. பழைய சர்வரில் ‘கிரான்.டெய்லி’யில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதே பெயரில், அதே அனுமதியோடு, புதியதில் அதே டைரக்டரியில் வைத்தேன். கையால் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. இரண்டு மாதம் கழித்து ஒரு டேபிளை மீட்க வேண்டி வந்தபோது பேக்கப் டைரக்டரியைத் திறந்தால், நான் கையால் ஓட்டிய அந்த ஒரே நாளின் ஃபைல் மட்டும் இருந்தது. பிழைச் செய்தி எங்கேயும் இல்லை.

காரணம் பெயரிலிருந்த புள்ளி. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த டைரக்டரியை ஓட்டுவது ‘ரன்-பார்ட்ஸ்’ என்ற புரோகிராம். அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு மட்டுமே உள்ள பெயர்களைத்தான் ஏற்கும். புள்ளி இருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ரெட்ஹேட் வகையில் இதே பெயருள்ள புரோகிராம் வேறு. அதற்குப் புள்ளி பிரச்சினை இல்லை. டெபியன்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள்: பேக்கேஜ் புதுப்பிக்கும்போது ‘.டிபிகேஜி-ஓல்ட்’ என்று பழைய நகல்கள் அங்கேயே தங்கும், அவை ஓடிவிடக் கூடாது. ‘ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட்’ என்று டைரக்டரியின் பெயரோடு கொடுத்தால் எவை ஓடும் என்ற பட்டியல் வரும். ‘சூடோயர்ஸ்.டி’யிலும் புள்ளி உள்ள பெயர், ‘~’ குறியில் முடியும் பெயர் இரண்டும் கணக்கில் வராது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. டெபியனின் என்ஜின்எக்ஸில் ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ டைரக்டரியில் எது கிடந்தாலும் படிக்கும். திருத்துவதற்கு முன் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேயே ‘டீஃபால்ட்.பேக்’ என ஒரு நகல் எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். இரண்டு டீஃபால்ட் சர்வர் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிடும். எந்த ‘.டி’ டைரக்டரியில் கைவைத்தாலும், அது எந்தப் பெயரை எடுக்கும், எதை விடும் என்று மேனுவலில் முதலில் பாருங்கள். நகலை வேறெங்காவது எடுங்கள்.

கேள்வி: 50, 99 என்று ஃபைல் பெயருக்கு முன்னால் எண் போடுகிறார்கள். பெரிய எண்தானே ஜெயிக்கும்?

பதில்: எங்கே என்பதைப் பொறுத்தது. முதலில், வரிசை அகராதி வரிசை. ‘100’ என்று தொடங்கும் ஃபைல் ‘20’க்கு முன்னால் வந்துவிடும், ஏனென்றால் ‘1’ என்ற எழுத்து ‘2’க்கு முன். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் இலக்கம் வையுங்கள்.

அடுத்தது யார் பேச்சு எடுபடும் என்பது. ‘சிஸ்கண்ட்ரோல்.டி’யில் ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் வந்தால் கடைசியில் படித்தது நிற்கும். எஸ்எஸ்எச் சர்வரில் தலைகீழ்: முதலில் படித்தது நிற்கும், பிறகு வருவது காதில் விழாது. 2020-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2-இல் சர்வர் கான்ஃபிக்கிலும் மற்ற ஃபைல்களை இழுத்துச் சேர்க்கும் வசதி வந்தது. கிளவுட் மெஷின்கள் சிலவற்றில் ‘50-கிளவுட்-இனிட்.கான்ஃப்’ என்ற ஃபைல் பாஸ்வேர்ட் லாகினுக்கு ‘எஸ்’ என்று சொல்லியிருக்கும். நீங்கள் ‘99’ போட்டு ‘நோ’ என்று ஒரு ஃபைல் வைத்து, பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள். கதவு திறந்தே இருக்கும். ‘10’ என்று பெயர் வைத்திருந்தால் பூட்டியிருக்கும்.

ஃபைலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ‘எஸ்எஸ்எச்டி -டி’ என்று பெரிய டி போட்டுக் கேட்டால், எல்லா ஃபைலையும் படித்தபின் சர்வர் உண்மையில் எதை நம்புகிறது என்று வரிவரியாகச் சொல்லும். அதில் பாஸ்வேர்ட் வரியைப் பாருங்கள். பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: நான் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் அதைப் படித்தால் பாதி மதிப்பு போய்விடாதா?

பதில்: போகும். ஆகவே புரோகிராம் ஓடும்போது, மேலே சொன்ன ‘எக்கோ’ முறையிலும்கூட, ஃபைலில் நேரடியாக எழுதாதீர்கள். பரிமாறிக்கொண்டிருக்கும் பானையை அப்போதே கழுவ மாட்டோம் இல்லையா? அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதுங்கள், ‘எஃப்சிங்க்’ கொடுத்து டிஸ்கில் இறங்கியதை உறுதி செய்யுங்கள், பிறகு ‘ரீநேம்’ செய்து பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ரீநேம் என்பது பிளவுபடாத செயல்; படிப்பவருக்குப் பழையது முழுசாகவோ புதியது முழுசாகவோ கிடைக்கும், நடுவில் ஒன்று கிடைக்காது.

நடுவிலுள்ள ‘எஃப்சிங்க்’கை விட்டால் என்ன ஆகும் என்பதை 2009-இல் பலர் பார்த்தார்கள். அப்போது புதிதாக வந்த எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், எழுதியதை உடனே டிஸ்குக்கு அனுப்பாமல் சிறிது நேரம் தாமதித்தது. அந்த இடைவெளியில் மெஷின் நின்றுபோனால், டெஸ்க்டாப்பின் கான்ஃபிக் ஃபைல்கள் ஜீரோ பைட்டாகத் திரும்பி வந்தன. அதைப் பராமரித்த தியோடர் சோ, உறுதி வேண்டுமென்றால் எஃப்சிங்க் கேளுங்கள் என்று விளக்கினார். ரீநேம் செய்பவர்களைக் காக்க ஃபைல் சிஸ்டத்திலும் மாற்றம் செய்தார்.

இது ஒரு ஃபைலுக்கு. ஹோஸ்ட், போர்ட் என்று இரண்டு ஃபைல் சேர்ந்தே மாற வேண்டுமென்றால்? ஹோஸ்ட் மாறி போர்ட் மாறாத அந்த நொடியில் படிப்பவர் தவறான கதவைத் தட்டுவார். இங்கே தனித்தனி ஃபைல் முறை தானாகக் காப்பாற்றாது. புது டைரக்டரி ஒன்றில் எல்லாவற்றையும் தயார் செய்து, ‘கரன்ட்’ என்ற சிம்லிங்கை அதற்குத் திருப்புங்கள். திருப்புவதிலும் சூட்சுமம் உண்டு: பழைய லிங்க் ஒரு டைரக்டரியைச் சுட்டுவதால், வெறும் ‘எல்என் -எஸ்எஃப்’ புதிய லிங்கை அந்தப் பழைய டைரக்டரிக்குள்ளேயே வைத்துவிடும். தற்காலிகப் பெயரில் லிங்க் போட்டு, ‘எம்வி -டி’ கொடுத்து மேலே நகர்த்துங்கள். அங்கும் பெரிய டி. படிக்கும் புரோகிராமும் முதலில் டைரக்டரியைத் திறந்துகொண்டு, அதற்குள்ளிருந்தே இரண்டு ஃபைலையும் படிக்க வேண்டும். குபர்னெட்டிஸில் கான்ஃபிக்மேப்பை வால்யூமாக இணைத்திருந்தால் உள்ளே போய் ‘எல்எஸ் -ஏ’ கொடுத்துப் பாருங்கள்: செட்டிங்குக்கு ஒரு ஃபைல், அவற்றுக்குப் பின்னால் ‘..டேட்டா’ என்ற சிம்லிங்க். அது திரும்பும்போது எல்லா மதிப்பும் சேர்ந்து மாறும்.

கேள்வி: சின்னச் சின்ன ஃபைலாக வைத்தால் டிஸ்க் வீணாகாதா?

பதில்: ஒரு பிளாக் 4096 பைட் என்றால் ஐந்நூறு செட்டிங்குக்கு ஏறக்குறைய 2 எம்பி. உங்கள் போனில் எடுத்த ஒரு படம் அதைவிடப் பெரியது.

கேள்வி: விண்டோஸில் நோட்பேடில் திருத்தி சர்வருக்கு ஏற்றினேன். மதிப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் புரோகிராம் ‘ஹோஸ்ட் இல்லை’ என்கிறது.

பதில்: ‘கேட் -ஏ’ என்று பெரிய ஏ போட்டு அந்த ஃபைலைப் பாருங்கள். வரியின் கடைசியில் வெறும் ‘$’ இருக்க வேண்டும். ‘^எம்$’ என்று இருந்தால், விண்டோஸ் வரி முடிவில் சேர்த்த கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து உங்கள் ஹோஸ்ட் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. என்வ்டிர் கடைசி ஸ்பேஸையும் டேபையும் நீக்கும், இதை நீக்காது. ‘டாஸ்2யூனிக்ஸ்’ கொடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: கெர்னலுக்கும் இப்படி ஃபைலில் செட்டிங் கொடுக்கலாமாமே?

பதில்: கொடுக்கலாம். ஒரு லினக்ஸ் பெட்டியை ரூட்டராக்க வேண்டுமா? ‘/பிராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்ட்’ என்ற ஃபைலில் ‘1’ எழுதுங்கள். அந்த நொடியே பாக்கெட்டுகளைக் கடத்தத் தொடங்கும். அந்த ஃபைல் டிஸ்கில் இல்லை. கெர்னல் காட்டும் தோற்றம். 2.6 கெர்னலோடு வந்த சிஸ்எஃப்எஸ் இன்னும் ஒழுக்கமானது. ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்பு இருப்பதே நல்லது என்று அதன் ஆவணமே சொல்கிறது. கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் ‘எம்கேடிர்’ கொடுத்து ஒரு டைரக்டரியை உருவாக்கினால், கெர்னலுக்குள் ஒரு பொருளே பிறக்கிறது. மெயில் சர்வருக்கு ஒருவர் தேர்ந்த வடிவமும் கெர்னல்காரர்கள் தேர்ந்த வடிவமும் ஒன்றாக இருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

கேள்வி: இத்தனை கஷ்டத்துக்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி போல ஒரே இடத்தில் வைத்தால் என்ன?

பதில்: ரெஜிஸ்ட்ரி ஒன்றும் மோசமான யோசனை அல்ல. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் சிறிதாகத் தொடங்கி, விண்டோஸ் 95-இல் பெரிதானது. எது எண், எது எழுத்து என்ற வகை அதில் உண்டு. ஒவ்வொரு கீக்கும் தனி அனுமதி வைக்கலாம். யூனிக்ஸ் பக்கமும் முயன்றிருக்கிறார்கள்: ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் சிஸ்டத்தில் ஓடிஎம் என்ற டேட்டாபேஸ் உண்டு. குனோம் டெஸ்க்டாப் முதலில் ஜிகான்ஃப் என்று டைரக்டரி மரத்தில் எக்ஸ்எம்எல் ஃபைல்களை வைத்தது. பிறகு டிகான்ஃப் என்ற ஒரே பைனரி ஃபைலுக்கு மாறியது. லாகின் ஆகும் நேரத்தில் பல புரோகிராம்கள் நூற்றுக்கணக்கான மதிப்பை ஒன்றாகப் படிக்கும் டெஸ்க்டாப்புக்கு அது பொருந்தும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

சர்வருக்கு என் கவலை வேறு. மெஷின் எழவில்லை. யூஎஸ்பி போட்டுத் தொடங்கி, டிஸ்கை மவுண்ட் செய்கிறீர்கள். கையில் இருப்பது ‘விஐ’யும் ‘கேட்’டும்தான். அந்த நேரத்தில் திறந்து படிக்க முடிவதே எனக்குக் கான்ஃபிக்.

கேள்வி: ஃபைல் பெயர், டைரக்டரி பெயர் எல்லாம் தமிழில் வைக்கலாமா?

பதில்: யூனிக்ஸ் தடுக்காது. சாய்கோடும் ஜீரோ பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். நீளம்தான் 255 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும் என்பதால் 85 குறியீடு கொள்ளும். ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடு, அதற்கே ஆறு பைட். ஆனால் ரன்-பார்ட்ஸ் தமிழ்ப் பெயரை ஓட்டாது. ஷெல்லும் வேரியபிள் பெயராக ஏற்காது. உங்கள் சொந்த புரோகிராமின் டைரக்டரி என்றால் தாராளமாக வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வர் வைத்திருக்கிறோம். நேரம் இந்தியாவோடு ஒன்றுதானே என்று ‘ஏஷியா/கொல்கத்தா’ வைத்துவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: மாற்றுங்கள். இன்று இரண்டும் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னேதான். ஆனால் இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளின் பதிவுகளை உங்கள் சர்வர் கையாண்டால் நேரம் பிசகும். ‘/எட்சி/லோக்கல்டைம்’ என்பது பெரும்பாலும் ஒரு சிம்லிங்க். அது எங்கே சுட்டுகிறது என்பதே செட்டிங். ‘ஏஷியா/கொழும்பு’ ஃபைலுக்குச் சுட்டுங்கள். உள்ளே ஓர் எழுத்தும் எழுதாமல், வெறும் விரல் நீட்டியே ஒரு மதிப்பைச் சொல்லும் அழகான இடம் அது.

கேள்வி: எதற்கு இந்த முறை ஆகாது?

பதில்: வரிசையும் ஒன்றுக்குள் ஒன்றும் முக்கியமான இடத்துக்கு. ஃபயர்வால் விதிகள், வெப் சர்வரின் பாதை விதிகள் இவற்றை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்தால்தான் பொருள் புரியும். அவற்றை ஃபைல் ஃபைலாக உடைத்தால் கதையைத் தாள் தாளாகக் கிழித்த மாதிரி. அங்கே ஒரே ஃபைல், நல்ல இலக்கணம், நல்ல கமெண்ட்.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன சர்வர் எழுதுகிறேன். எங்கே தொடங்குவது, சார்?

பதில்: புராஜெக்ட் டைரக்டரிக்குள் ‘கான்ஃபிக்’ என்று ஒன்று உருவாக்குங்கள், தம்பி. அதில் ‘போர்ட்’ என்று ஒரு ஃபைல், உள்ளே 8080. அந்த ஃபைலைத் திறந்து, முதல் வரியைப் படித்து, எண்ணா என்று சரிபார்த்து, ஃபைல் இல்லாவிட்டால் 8080 என்று வைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பத்து வரிக்குள் முடியும், எந்த லைப்ரரியும் வேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்; அடுத்த முறை அதை வைத்தே பேசுவோம்.